அளவெடுக்காமல் பிரித்த தையல்

தையல்காரர் ஒளித்துத் தின்றதெல்லாம் அவர் மனைவியின் உடம்பில் போய்ச் சேர்ந்தது. நாலு பேர் பார்க்க மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது அவருக்கே ஒட்டியது, அதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் கடைக்குள், துணி போட்டுப் பார்க்கும் திரைக்குப் பின்னால் நின்று அவசர அவசரமாக விழுங்கிய க்ரீம் பன்னெல்லாம் மாடி ஏறிப்போய் அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தெருவில் இது பெரிய அதிசயம் இல்லை. குடை ரிப்பேர்க்காரருக்கு ஜலதோஷம் பிடித்தால் தும்மல் அவர் மைத்துனருக்குத்தான் வரும். மைத்துனரும் கைக்குட்டை இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

தையல்காரருக்கு விஷயம் பிடிபட்டது கல்யாணமான மறுவருஷமே. பக்கத்து பேக்கரியில் பன் வெந்து வரும் நேரம் கால் தானாக அங்கே போகும். ஒன்று தின்றால் மனைவியின் சட்டை நூலளவு இறுகும், இன்னொன்று தின்றால் கொக்கி திணறும். இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். வாய் சும்மா இருந்தால்தானே கேட்கும் என்று குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை பார்த்தார். வாசனை வந்ததும் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பத்திரமாக எடுத்துக் குத்திவைத்துவிட்டுப் போய்த் தின்றார். திரும்பி வந்து மறுபடி கவ்விக்கொண்டார். வெட்டுத்துணியில் வாயைத் துடைக்கும்போது தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். அந்த அருவருப்பைப் போக்கவும் ஒரு பன் வேண்டியிருந்தது.

மனைவியோ வாயைக் கட்டினாள். காலையில் நடந்தாள், சர்க்கரையை விட்டாள், இரவில் வெறும் காய் சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்தாள். அப்படியும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். இப்படியே போனால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். "ஒளிச்சு ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா? உங்க வீட்டுக்காரரைப் பாருங்க, கல்யாணச் சட்டையே இன்னும் போடுவாரு போல!" பக்கத்து நாற்காலியில் தையல்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் உடம்பு வாகு அப்படி டாக்டர்" என்று அவள் சிரித்து மழுப்பினாள். அன்று சாயங்காலமும் அவர் தின்றார்.

அவள் சட்டைகளைப் பெரிதாக்கித் தருவதும் அவர்தான். தைக்கும்போது ஓரத்தில் உள்ளே மடித்துவிட்ட துணியைப் பிரித்து, இடுப்பைத் தளர்த்துவார். அவளைச் சுற்றி டேப்பைப் பிடிக்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை. தின்றது எவ்வளவு என்று தெரியுமே, அந்தக் கணக்கிலேயே பிரித்துத் தைத்து, அவள் கேட்பதற்கு முன்பே மடித்து வைத்துவிடுவார். வருஷங்கள் இப்படி ஓடின. அவள் தங்கை மகளின் கல்யாணத்துக்காக ஒருநாள் அவளுடைய நீலச் சட்டையைப் புரட்டிப் பார்த்தார். பழைய தையலின் துளைகள் வரிசை வரிசையாக வெட்டிய ஓரம்வரை வந்திருந்தன. பிரிக்க இனித் துணி இல்லை. சட்டையை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மனைவியிடம், "அத்தனையும் நான்தான் தின்னேன்" என்றார்.

"தெரியும். டேப்பே வைக்காம இத்தனை வருஷம் சரியா பிரிச்சு வச்சீங்களே. எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தானே அது வரும்? நீங்களா வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்." படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க தின்னது எப்படிங்க இருக்கும்? எடைதான் வந்துச்சு, ருசி எனக்கு வந்ததே இல்ல."

டாக்டர் முன்னால்கூட அவர் அப்படிக் கூனிக்குறுகியதில்லை. ஓடிப்போய் ஒரு பன் வாங்கிவந்தார். கடை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டார்கள். அவள் மெதுவாக மென்று முடித்து, அவரைப் பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள்.

அவர் பாதி அவர் வயிற்றிலேயே தங்கியது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு பன், வாசலில், ஆளுக்குப் பாதி. கொஞ்ச நாளில் அவருடைய கால்சட்டையைப் பிரிக்க வேண்டிவந்தது, டேப்பை அவள் பிடித்தாள். அவள் மாடிப்படியை நிற்காமல் ஏறத் தொடங்கினாள். ஆசை செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. எப்போதாவது திரைக்குப் பின்னால் போய்விடுவார். மாடியில் கொக்கி தெறிக்கும். அவள் கரண்டிக் காம்பால் தரையைத் தட்டுவாள். அவர் மிச்சத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு, தலை குனிந்தபடி மாடி ஏறுவார்.