பூமிப் பலகைக்குக் கீழே சனி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அறிவியல் கூடத்தில், வியாழன் கிரகத்தில் நம் எடை எவ்வளவு என்று காட்டும் எந்திரத்தில் ஏறி, நூற்றெண்பது கிலோவாக நான் இறங்கியபோது பிறந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வழிகாட்டிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நானாகக் கட்டியதுதான் மீதி.

2

முதல் தொடக்கம்: 'பிரபஞ்சத்தில் ஒவ்வொரு பொருளும் மற்றொன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே...'

வேண்டாம். பாடப்புத்தக வாடை அடிக்கிறது.

இரண்டாவது: அவள் கணவர் நோயில் விழுந்து எழுந்தவர். ஐம்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால் மறுபடி வந்து படுக்க வேண்டும் என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குக் குலை நடுங்கும். வீட்டிலிருந்த எடை எந்திரத்தைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டார். ஆகவே வாரம் ஒருமுறை கூடத்தை மூடும் நேரத்தில் வந்து, மனைவி பார்த்துக்கொள்ளும் கிரக எந்திரங்களில் 'பூமி' எந்திரத்தில் ஏறுவார்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

தரைக்கு மெருகு போட எந்திரங்களை நகர்த்தினார்கள். திரும்ப வைத்தது அவள்தான். எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். சுவரிலுள்ள பெயர்ப் பலகைதான் வேறு. பூமிப் பலகைக்குக் கீழே சனியின் எந்திரத்தையும், சனிப் பலகைக்குக் கீழே பூமியின் எந்திரத்தையும் வைத்துவிட்டாள்.

(குறிப்பு: நிலவை வைத்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும், எடை ஆறில் ஒரு பங்காகியிருக்கும். சனி அப்படியில்லை. பூமியைப்போலத் தொண்ணூற்றைந்து மடங்கு பொருள் அதில் உண்டு. ஆனால் பெரும்பாலும் வாயு. ஊதிப் பருத்த உடம்பு. மையத்தைவிட்டு விலக விலக ஈர்ப்பு குறையும். அதனால் அதன் மேகங்களின் உச்சியில் நம் எடை நூற்றுக்கு ஆறு பங்குதான் கூடும். அவ்வளவு பெரிய ஆள், இழுப்பதென்னவோ ஏறக்குறைய நம் பூமியளவுதான்.)

அந்த வாரம் ஐம்பத்து மூன்று காட்டியது.

"பாத்தியா, ஏறிடுச்சு! நான்தான் சொன்னேன்ல?" என்றார் கணவர்.

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வீட்டில் அவர் மறுபடி சீட்டியடிக்கத் தொடங்கினார். அடுத்த வாரமும் ஐம்பத்து மூன்று.

4

பிறகு ஒரு நாள் காலையில், பருத்த பார்வையாளர் ஒருவர் அவளை மடக்கினார். "ஏம்மா, சனியில எடை கொஞ்சம் கூடும்னீங்க. எனக்குப் பூமியில காட்டினதைவிடக் குறையுதே! அங்கேயே போய்க் குடியிருக்கலாம் போல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

(எனக்கு இவள்மேல் ஒரு சந்தேகம். தினமும் இதே பாடத்தை ஒப்பிக்கிறவளுக்கு எந்திரம் மாறியது இத்தனை நாளாகவா தெரியாது? கேட்டுப் பார்த்தேன். பிடிகொடுக்கவில்லை.)

5

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. கணவர் சந்தோஷமாகச் சீட்டியடித்தபடி...

அடித்துவிட்டேன். அவள் சம்மதிக்கவில்லை.

முடிவு இரண்டு: அன்று மாலை அவர் வந்ததும் சொல்லிவிட்டாள். "என்னங்க, நீங்க ஏறி நின்னது பூமி இல்ல, சனி. நான்தான் மாத்தி வெச்சுட்டேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நெஜமா எவ்வளவு?"

அந்த எந்திரம் புள்ளிக்குப் பின்னால் எதையும் காட்டாது. அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஐம்பது வந்தது. கொஞ்சம் மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம்.

சரியான எந்திரம் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதன் முன்னால் போய் நின்றார்.

"செருப்போடயே ஏறிக்கட்டுமா?"

சரி என்று சொல்லிவிடு என்று அவளிடம் நான் எவ்வளவோ கெஞ்சினேன்.

"கழட்டிட்டு ஏறுங்க," என்றாள்.

அவர் தடுமாறினார். தாங்கிப் பிடிக்க நீண்ட கையை அவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிடித்தால் எந்திரம் குறைத்துக் காட்டும்.

ஒரு காலை மேலே வைத்துவிட்டார். மற்றது தரையில் இருக்கிறது. அதை நான் தூக்க மாட்டேன். மனமிருந்தால் நீங்கள் தூக்கி வையுங்கள்.