பச்சைக் குழாய்

அரபி வாத்தியார் உஸ்தாத் ஸப்ரியின் கையிலிருந்த பச்சை ரப்பர் குழாயைப் பிடுங்கி, அதே குழாயால் அவர் தோளில் நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் நஷ்வா தன் மகன் பாஸிமைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தாள். எட்டு வயதுப் பையனுக்கு உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன. அரபி எழுத்துக்கு மேலே வைக்கவேண்டிய புள்ளியைக் கீழே வைத்துவிட்டானாம். அவன் கண்ணுக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஸப்ரி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்த மனுஷன்!

"இனிமே என் பிள்ளைங்களுக்கு நானே வாத்தியார்" என்று நஷ்வா கத்தியபோது தலைமையாசிரியை சிரித்தாள்.

"தாராளமா வீட்டுல வெச்சே சொல்லிக்கொடு, யாரு வேணாங்கறா? மூணு வாரத்துல பரீட்சை. தோத்தான்னா திரும்ப ஸப்ரி கிளாஸ்தான், பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்ததும் நஷ்வா, ஜெயித்த கோப்பை மாதிரி அந்தக் குழாயை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். சமையலறை மேஜை பள்ளிக்கூடம் ஆனது. ஊறிய மொச்சையைப் புள்ளியாக வைக்கச் சொன்னாள். பாஸிம் சிரித்துக்கொண்டே வைத்தான். இளையவள் ஹனீனுக்கு ஆறு வயது, காது நன்றாகக் கேட்கும், ஆனால் இன்றுவரை ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவள் மேஜைக்கடியில் உட்கார்ந்து மொச்சைத் தோலை உரித்துக்கொண்டிருப்பாள். அவளைப் பேசவைக்கப் படத்தைக் காட்டிக் காட்டி நஷ்வாவுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது பாஸிமுக்கு எல்லாம் மறந்துபோனது.

"புள்ளி மேலயா, கீழயா?"

"கீழ..."

"நல்லாப் பாரு."

"மேல... இல்ல, கீழ."

"கழுதை! அந்த ஸப்ரிகிட்டயே போய்ச் சாவணும்னு இருக்கியா?"

பயந்தால் பயந்தேன் என்று அழுதுவிட வேண்டியதுதானே இந்த நஷ்வா? அழவில்லை. எட்டிக் குழாயை எடுத்தாள். முதல் அடி மேஜைமேல் விழுந்தது, மொச்சை சிதறியது.

"கைய நீட்டு!"

நீட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. பாதி ஆறியிருந்த தோல் மறுபடி பிளந்தது. நோட்டில் ரத்தத்தைப் பார்த்தபிறகுதான் கை நின்றது. குழாயை வீசிவிட்டு ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது ஹனீன் முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தக் குழாய்.

"கைய நீட்டு" என்றாள் அண்ணனிடம்.

சுத்தமான உச்சரிப்பு. ஆறு வருஷமாக இந்த வாயிலிருந்து ஒரு வாக்கியம் வராதா என்று நஷ்வா ஏங்கிக் கிடந்தாள். வந்துவிட்டது.

பாஸிம் கையை நீட்டினான். நஷ்வா பாய்ந்துபோய்த் தன் கையைக் குறுக்கே கொடுத்தாள். ஹனீன் தயங்கவே இல்லை. சுளீரென்று விழுந்தது. நஷ்வாவுக்கு விம்மல் வெடித்தது.

பாஸிம் பதறிப்போய், ரத்தம் வழியும் கையாலேயே அவள் வாயைப் பொத்தினான்.

"அழாதம்மா. அழுதா இன்னும் ரெண்டு சேத்து விழும்."