ஆளையும் சேர்த்துத் தூக்கும் வண்டி

பரிசோதித்துப் பார்க்க வந்திருந்த வண்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலே போகிற ஆள், அவன் போட்டிருக்கிற தலைக்கவசம், இடுப்புப் பட்டை எல்லாம் சேர்த்து நூற்றுப்பத்து கிலோவைத் தாண்டக் கூடாதாம். எங்கள் கிடங்கில் அதைத் தாண்டக்கூடிய ஆள் ஒருவர்தான். பேரே டன் மாமா. மற்றவர்களுக்கு அது பட்டப்பெயர். எனக்கு அவர் நிஜமாகவே மாமா, அக்கா புருஷன்.

வண்டி வாங்குகிற வேலையை முதலாளி என் தலையில் கட்டியிருந்தார். ஆர்டர் வந்தால் சக்கர ஏணியைத் தள்ளிக்கொண்டு போய், ஏறி, ஒரு கையில் பெட்டியோடு இறங்குவதுதான் இதுவரை இங்கே வழக்கம். சமீபத்தில் ஒருவன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். "இனிமே ஏணி கூடாது" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். மிச்சமெல்லாம் என் பாடு. பெரிய ஃபோர்க்லிஃப்ட் எங்கள் ரேக்குகளுக்கு நடுவே திரும்பாது. திரும்பினாலும், ஒரு ஷாம்பு பாட்டிலுக்காக அடுக்கி வைத்த சரக்கு மொத்தத்தையும் கீழே இறக்க வேண்டும். இந்தச் சின்ன வண்டி ஆளையே மேலே கொண்டுபோகும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். யாரைக் கேட்டாலும் இதைத்தான் வாங்கச் சொல்வார்கள். ஆனால் மேலே போக முடியாதவருக்கு இங்கே வேறு வேலை கிடையாது என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். வாங்கினால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. வேண்டாமென்றால், சொந்தக்காரருக்காக நல்ல வண்டியைத் தட்டிக்கழித்தாள் என்று கிடங்கே பேசும். காலையிலிருந்து ரேக்குகளுக்கு நடுவே காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பேரைக் காரணமில்லாமல் திட்டியும் விட்டேன்.

வண்டிப் பேச்சு எழுந்த நாளிலிருந்து மாமா டயட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இளைத்தும் இருந்தார். அக்காவுக்கு ஒரே பெருமை, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் நம்பிக்கையில்லை. அந்த உடம்பு பட்டினிக்கெல்லாம் மசிகிற உடம்பா?

"எல்லாரையும் ஒரு தடவை எடை பார்த்துடலாமே மேடம்" என்றார் வண்டி விற்க வந்தவர். பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் சரக்கு நிறுக்கிற எடை மேடை இருந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். ஷூவைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, போனை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்கள். பேக்கிங்கில் வேலை செய்கிற, ரேடியோ என்று பேர் வாங்கிய பெண் ஒவ்வொருவர் எடையையும் கிடங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தாள். மாமாவை மட்டும் காணோம். பழுது பார்க்கிற அறைப் பக்கம் போயிருந்தவர் கடைசியாக வந்தார்.

"மாமா, அந்த ஜாக்கெட்டையாவது கழட்டுங்க. ஒரு கிலோ குறையும்."

"இருக்கறது இருக்கட்டும்மா" என்று அப்படியே ஏறிவிட்டார்.

நூற்றுமூன்று.

"டன்னு போச்சே!" என்று ரேடியோ அலற, எல்லாரும் கைதட்டினார்கள். மாமா என் பக்கம் திரும்பி, "உங்க அக்கா சமையலை விட்டா யாரா இருந்தாலும் இளைப்பாங்க மேடம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டை போடாமல், யார் வாயிலும் விழாமல் காரியம் முடிந்துவிட்டது. அப்போதே ஓடிப்போய் அக்காவுக்கு போன் செய்யலாம் போலிருந்தது.

முதலில் மேலே போனவரும் மாமாதான். வண்டி சத்தமே இல்லாமல் உயர்ந்தது. மேல் தட்டில் உள்ளே தள்ளியிருந்த பெட்டியை எடுக்க அவர் கம்பிக்கு மேல் குனிந்தார். டங்கென்று எதுவோ தரையில் விழுந்து தெறித்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. எல்லாரும் விலகி ஓடினார்கள்.

"என்ன மாமா, உள்ள இரும்புக் கடையா?" என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

நான் போய்ப் பொறுக்கினேன். ரேக் மாட்டுகிற போல்ட்டுகள், ஒவ்வொன்றும் கை நிறைகிற அளவு. பழுது பார்க்கிற அறையில் குவிந்து கிடப்பவை. ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றவர்களெல்லாம் எடையைக் குறைக்க ஷூவைக் கழற்றியபோது, இந்த மனிதர் பையில் இரும்பைப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். அண்ணாந்து பார்த்தேன். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தவரை எடை மேடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் வண்டியைச் சுற்றி நின்று, அடுத்து யார் ஏறுவது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டயட்டுன்னு சொன்னீங்க?"

"ஒரு நாள்கூட இருந்ததில்ல" என்றார் தாழ்ந்த குரலில். "அவ அளந்து வைக்கறதையும் சாப்பிடறேன், கடையிலயும் சாப்பிடறேன். எடை நிக்க மாட்டேங்குது. இறங்கிக்கிட்டே இருக்கு."

"டாக்டர்?"

"போகணும். போனா எதையாவது சொல்லுவாரு. அப்புறம் நீ என்னை மேல ஏத்துவியா?"

கோபம்தான் வந்தது. அவர் மேலா, கைதட்டிய என் மேலா என்று தெரியவில்லை.

"வண்டி நல்லாருக்கு. இதையே எடு. அவ கேட்டா நூத்திமூணுன்னே சொல்லு" என்றார்.

ஜாக்கெட்டில் கை விட்டேன். அவர் தடுக்கவில்லை. உள்பையிலும் இருந்தது, பேன்ட் பையிலும் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாக மேடையில் வைக்க ஆரம்பித்தேன். நூற்றுமூன்றில் எவ்வளவு மாமா, எவ்வளவு இரும்பு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நாலைந்து வைத்ததுமே அவர் முன்னால் வந்து, எண் தெரிகிற கண்ணாடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கை மட்டும் பழையபடி அகலமாகவே இருந்தது.

"போதும், விடு" என்றார்.

நான் அடுத்த போல்ட்டை வைத்தேன். அவர் விரல் இடுக்கில் சிவப்பு எண் மாறியது.