வட்டவடையில் ஒரே ஒரு கோல்போஸ்ட்

1

இந்தக் கதை கேரட் மூட்டைகளுக்கு நடுவே கிடைத்தது. வட்டவடையிலிருந்து மூணாறு போகும் ஜீப்பில், யாருடனும் பேசாமல் படித்துக்கொண்டே போகலாம் என்று ஓரத்து இடத்தைப் பிடித்திருந்தேன். பக்கத்தில் ஹாக்கி மட்டையோடு ஒரு பெண் ஏறினாள். பெயர் இன்பமேரி. மூணாறு வந்தபோதும் நான் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

ஆகவே இனி அவள் கதை.

2

'மஞ்சு தழுவும் மலைமடியில் ஒரு பச்சை மைதானம்...'

வேண்டாம். அது மைதானமே இல்லை. வலப்பக்கம் சரிந்த நிலம். கோல்போஸ்ட் ஒன்றுதான். மறுமுனையில் முட்டைக்கோஸ் தோட்டம். நேராக அடித்தால் பந்து வலப்பக்கம் உருண்டு ஓடைக்குப் போய்விடும். எனவே சற்று இடப்பக்கம் தள்ளி அடிக்க வேண்டும். (பத்து நாள் அடித்தால் கை தானாகவே தள்ளும். மூளைக்குத் தகவல் வராது.)

இன்பமேரியின் கை பழகியது அங்கேதான். மதுரைக் கல்லூரியின் சமதளத்தில் அவள் வலது மூலையைப் பார்த்து அடிப்பாள். பந்து இடது மூலைக்குப் போகும். அவள் கண்ணை நம்பிப் பாய்ந்த கோல்கீப்பர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். படித்து முடிக்கும்வரை அவள்தான் நட்சத்திரம். என்ன வித்தை என்று கேட்டவர்களிடம் சிரிப்பாள். அவளுக்கே தெரியாது.

3

பயிற்சியாளரானதும் அதே நிலத்தில் ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பழக்கினாள். பஞ்சாயத்து மெம்பர் சூசையப்பனுக்கோ அங்கே டூரிஸ்ட் ஜீப்புகளை நிறுத்த ஆசை.

"ஜில்லா கப்பக் கொண்டாந்தா கிரவுண்டு ஒனக்கு, மேரி. இல்லாட்டி வண்டிக்கு."

"சரிவுல நிறுத்துனா வண்டி தானா மூணாறு போயிரும், அண்ணாச்சி."

"டீசல் மிச்சம்லா?"

(இவரை வில்லனாக்கத்தான் முயன்றேன். பேசவிட்டதும் கெட்டுப்போனார்.)

4

அந்த வருடம் இரண்டே அணிகள் வந்திருந்ததால் முதல் ஆட்டமே இறுதி ஆட்டம். சமதளம். முதல் பாதி முழுக்க நம் பிள்ளைகள் அடித்த பந்தெல்லாம் கோலுக்கு இடப்பக்கம் வெளியே போயிற்று. எதிரணி ஒரு கோல் போட்டிருந்தது.

"ஏட்டி, எங்க பாத்து அடிக்கிய?"

"கோலப் பாத்துதான் டீச்சர். நீங்க பழக்குன மாதிரியே," என்றாள் ராமுத்தாய்.

அந்த நொடியில் இன்பமேரிக்குத் தன் கல்லூரி வித்தை என்னவென்று விளங்கியது. அவள் கண்களில் நீர் திர...

இல்லை, வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"வலப்பக்கம் ஆம்புலன்ஸ் நிக்குதுல்லா, அதப் பாத்து அடிங்க."

பலித்தது. ஒரு கோல் விழுந்து ஆட்டம் சமநிலைக்கு வந்தது. ஆனால் ராமுத்தாய் அடித்தது நேரே போய் ஆம்புலன்ஸிலேயே மோதியது. அவள் கை அதற்குள் சமதளத்தைக் கற்றுவிட்டது போலும். சரியென்று அடுத்த பந்தைக் கோலைப் பார்த்து அடித்தாள். அது பழையபடி இடப்பக்கம் போனது.

5

கடைசி நிமிடம். நமக்குப் பெனால்டி ஸ்ட்ரோக். அடிக்கப்போவது ராமுத்தாய்.

இந்த இடத்தில் மூணாறு வந்துவிட்டது. இன்பமேரி மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் விரும்பிய அமைதி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சூசையப்பன் கப்பைத் தலையில் வைத்து ஆடுகிறார். மற்றதில் கோல்போஸ்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். நிலம் முழுக்க ஜீப்புகள், சக்கரத்துக்குச் சக்கரம் முட்டுக் கொடுத்த கல். இரண்டையும் அடித்துவிட்டேன்.

"டீச்சர், கோலா, ஆம்புலன்ஸா?" ராமுத்தாய் திரும்பிக் கேட்கிறாள்.

இன்பமேரிதான் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டாளே. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் டிரைவர் வேறு வண்டியை நகர்த்தப் பார்க்கிறார்.