அலுப்பு வாங்கிய சுவர்

சக் நிமாணா ஊர்க் குருத்துவாராவின் மேற்குச் சுவர், தன்மேல் சாய்கிறவர்களின் அலுப்பை வாங்கிக்கொள்ளும். கோதுமை அறுவடையில் அதிகம் வாங்கும், குளிர்காலத்தில் குறைவு. முன்னொரு காலத்தில் குரு குதிரையை விட்டு இறங்கி ஒரு பகல் அதில் முதுகு சாய்த்தாராம். அன்று பழகிய வேலையைச் சுவர் பிறகு விடவில்லை. வாங்கி வாங்கி அதற்கு வயிறு தள்ளிவிட்டது. செங்கல்லில் காதை வைத்தால் பெருமூச்சு கேட்கும். ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. கிணற்றில் தண்ணீர் இருப்பதை யார் பேசுவார்கள்?

நசீப் கௌர் அடுத்தவர் வயலில் நாற்று நடுகிறவள். கதிரடிக்கும் இயந்திரத்துக்குக் கையைக் கொடுத்துவிட்டுப் புருஷன் கட்டிலில் கிடந்தான். அடுப்பு எரிவது அவள் முதுகை நம்பித்தான். சாயங்காலம் சேற்றுக் காலைக் கழுவி, குருத்துவாராவின் லங்கர் சமையலில் ரொட்டி தட்டிக் கொடுத்துவிட்டு, சுவரில் கொஞ்சம் சாய்வாள். மறுநாள் குனிவதற்கு முதுகு கிடைத்துவிடும்.

பக்கத்து ஊர்க் குருத்துவாரா பளிங்குக்கு மாறிவிட்டது. குரு சாய்ந்த இடம் வெறும் செங்கல்லாக நிற்பது கமிட்டித் தலைவர் தர்பாரா சிங்குக்கு உறுத்தியது. அன்பு மிகுந்தால் எங்கள் ஆட்கள் இடித்துத்தான் கட்டுவார்கள்.

"தலைவரே, அந்தச் சுவரை மட்டும் விட்டுடுங்க. அது இல்லன்னா எனக்கு முதுகு இல்ல" என்றாள் நசீப்.

"அடி நசீபோ, வெள்ளைப் பளிங்குல சாயக் கசக்குதா உனக்கு? மகாராணி மாதிரி சாயேன்!"

"சேத்தோட வர்றவளுக்கு வெள்ளை எதுக்குங்க?"

"குருவுக்குச் செய்யறதுல குறுக்க நிக்காத, தாயி."

கூலியில்லாத் திருப்பணியான கரசேவைக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டால் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் தங்கமாட்டார்கள். அவளும் போனாள். 'வாஹேகுரு' சொல்லிக்கொண்டே, இடித்த தன் சுவரைத் தன் தலையிலேயே சுமந்தாள். ஒரு செங்கல்லைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. செங்கல் ஏற்றிய டிராக்டர் வழியெல்லாம் மூச்சடைத்து நின்றது. கால்வாய்ப் பாலத்தருகே சாலைப் பள்ளத்தில் கொட்டி நிரவினார்கள். குரு தொட்ட கல்லை மிதிக்கலாமா என்று யாரோ கேட்டார். யாத்திரிகர் வர வழி போடுவதும் சேவைதான் என்றார் தலைவர்.

பளிங்கு அழகாகத்தான் இருந்தது. சாய்ந்தால் சில்லென்று அலுப்பைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு நடவில் நசீப் வரிசை நடுவே குப்புற விழுந்தாள்.

"நாளைக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீ போய்ப் படு" என்றார் வயல்காரர்.

வீட்டுக்கு நடந்தவளுக்குப் பாலத்தருகே கால் நின்றுவிட்டது. நடுச்சாலையில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் திட்டத்தான் இறங்கினார். இறங்கியவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பயணிகள், அவர்களுக்குப் பிறகு ஓர் எருமை. எழுந்தபோது அவள் முதுகு கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தது. மறுநாள் கூப்பிடாமலே வயலில் இறங்கினாள். வயல்காரர் வாயைத் திறப்பதற்குள் ஒரு வரிசை முடிந்திருந்தது. அவர் அடுத்த நாற்றுக் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது பேருந்து அங்கே நிற்கிறது. "உக்கார்றவங்க உக்காரலாம்" என்கிறார் நடத்துநர். தர்பாரா சிங்கும் வந்து, யாரையும் பார்க்காமல் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உட்கார்கிறார். நசீப் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதிக்கிறாள். அந்த இடத்தில் சாலைக்கு வயிறு தள்ளிக்கொண்டு வருகிறது. நிரவுவதற்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களும் களைத்தவர்கள்தானே, உட்கார்ந்துவிட்டார்கள்.