இழுவைக்காரன் மீது ஒரு பந்தயம்

1

காலை ஐந்தே முக்காலுக்கு எழும்புகிறேன். கிணற்றடியில் குளிக்கிறேன். தேத்தண்ணீர் வைக்கிறேன். பாணில் இரண்டு துண்டு வெட்டி, முதல்நாள் சம்பலோடு சாப்பிடுகிறேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஏழு மணிக்கு இரண்டு சைக்கிள்களுக்கும் காற்றடிக்கிறேன். ஒன்றில் ஊர்காவற்றுறைக் கந்தோருக்கு வேலைக்குப் போகிறேன். மற்றது குசினிச் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது.

கதை அந்த இரண்டாவது சைக்கிளிலிருந்து தொடங்கவில்லை. அப்படித் தொடங்கினால் நீங்கள் இப்போதே இரக்கப்படுவீர்கள். எனக்கு அது வேண்டாம். கதை போன ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறது. பரிஸ் நகரத்திலிருந்து என் அண்ணன் ஜெகதீஸ் கேட்டார்.

“வசி, நீ என்னத்துக்கு இன்னும் அங்க இருக்கிறாய்?”

“பந்தயம் முடியேல்லை அண்ணை.”

“என்ன பந்தயம்?”

“சைக்கிள் பந்தயம்.”

“ஒழுங்காச் சாப்பிடுறியோ?” என்றார். “விளங்கிற மாதிரி எழுதியாவது அனுப்பு. இஞ்சத்தை வேலைக் கடிதம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நிற்கும்.”

அதனால் எழுதுகிறேன். அவருக்கு விளங்குமா என்பது என் பொறுப்பல்ல.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“வாடைக்காற்று வீசிய அந்தப் பெப்ரவரியில், கடலின் நிறம்—” இல்லை. கடலை விடுங்கள். அது எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறது.

“கோபிகா யன்னலோரம் நின்று அழுதாள்.” இந்த வசனத்துக்குப் பிறகு மூன்று பக்கம் எழுதினேன். என் மனைவிக்கு வேறு பெயர் வைத்தால் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். கோபிகா மென்மையானவள். கோபிகா நிலவைப் பார்ப்பாள். கோபிகா எனக்காக விட்டுக்கொடுப்பாள். நான்காம் பக்கத்துக்கு வரும்போது அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.

என் மனைவியின் பெயர் அன்ரனிட்டா. அல்லைப்பிட்டிக்காரி. ஊர்காவற்றுறையில் கணிதம் படிப்பித்தாள். போன வருடம் பெப்ரவரியில் இறந்தாள். வயது முப்பத்தொன்று. மூளையில் ஓர் இரத்தக் குழாய் வெடித்தது. யார்மீதும் பிழையில்லை.

யன்னலோரம் நின்று அழுததில்லை. எங்கள் வீட்டு யன்னல் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டிலைப் பார்த்தபடி இருக்கிறது.

3

பந்தயத்தை விளக்க வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். (யாரும் தெரிந்திருக்கப் போவதில்லை. தாண்டாதீர்கள்.)

பாலைவன நாடொன்றில் வருடந்தோறும் ஏழு நாள் சைக்கிள் ஓட்டப் போட்டி நடக்கிறது. மலை இல்லாத நாட்களில் நூற்றெழுபது கிலோமீற்றருக்கு ஒன்றுமே நடக்காது. நூற்றைம்பது பேரும் ஒரு மந்தையாக வருவார்கள். கடைசி முந்நூறு மீற்றரில்தான் எல்லாம். வேகக்காரன் ஒருவன் பாய்ந்து வெல்வான். அதுவரை அவனுடைய அணியைச் சேர்ந்த இன்னொருவன் முன்னால் போவான். காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி, அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவருவான். கோடு கண்ணுக்குத் தெரிந்ததும் விலகி வழிவிடுவான். அதற்குத்தான் சம்பளம். அன்ரனிட்டா அவனுக்கு இழுவைக்காரன் என்று பெயர் வைத்தாள்.

நாங்கள் இருவரும் கைத்தொலைபேசியில் பார்ப்போம். ஆளுக்கொருவரில் பந்தயம் வைப்போம். யாருடைய ஆள் முன்னால் முடிக்கிறானோ அவர் வென்றவர். தோற்றவர் அடுத்த ஒரு கிழமை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் முன்னால் மிதிக்க வேண்டும். எங்கள் வீடு புளியங்கூடலில். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் திறந்த வெளியில் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்னத் தண்டனையில்லை என்பது தெரியும்.

நான் எப்போதும் வேகக்காரனில் வைப்பேன். அவள் எப்போதும் அவனுடைய இழுவைக்காரனில்.

“அவன் விலகத்தானே போறான். பிறகேன் அவனில வைக்கிறீர்?” என்று கேட்டேன்.*

“ஒரு நாளைக்கு விலகாமல் விட்டானெண்டால்?”

“அவன்ர வேலை போயிடும்.”

“போகட்டும்.”

நான்கு வருடங்கள் தோற்றாள். போட்டி முடிந்த கிழமைகளில் நான் அவளுடைய முதுகுக்குப் பின்னால், காற்றில்லாமல், கந்தோருக்குப் போய் வந்தேன். “எப்பிடி ஐசே, காத்து வருதோ?” என்று திரும்பிப் பாராமல் கேட்பாள்.

அவள் எனக்காக வேண்டுமென்றே தோற்றாள் என்று எழுதினால் இந்த இடத்தில் உங்களுக்குத் தொண்டை அடைக்கும். எழுதமாட்டேன். அவளுக்குத் தோற்பது அறவே பிடிக்காது. முன்னால் மிதிக்கும் கிழமைகளில் என்னைத் திட்டிக்கொண்டே மிதித்தாள்.

* எங்கள் இருவருக்கும் ‘நீர்’தான். பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. கலியாணத்துக்குப் பிறகாவது அவளை ‘நீங்கள்’ என்று சொல்லச் சொல்லி என் உறவினர்கள் கேட்டார்கள். “இவரையோ?” என்றாள்.

4

ஒரு விதி இருந்தது. போட்டியின் தொடக்கத்தில் முன்னால் போகும் காரிலிருந்து ஒருவர் கொடியை இறக்குவார். அதன் பிறகு ஆளை மாற்ற முடியாது. மாற்றுவதென்றால் கொடி விழமுதல், நேரில், முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொன்னால் செல்லாது.

இரண்டாம் வருடம் அவள் குறுஞ்செய்தியில் வேறோர் இழுவைக்காரனுக்கு மாறினாள். கொடி விழுந்த பிறகுதான் அது வந்தது என்று நான் சண்டை பிடித்தேன். இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் விதியை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன்.

விதியைப் போட்டவன் நான். இதை நினைவில் வைத்திருங்கள்.

5

போன வருடம் அண்ணன் முதல் கடிதத்தை அனுப்பினார். எனக்கு வேலை, இருவருக்கும் விசா. நான் போகலாம் என்றேன். அவள் இல்லை என்றாள்.

“எங்கட வீட்டில ரெண்டாயிரத்தாறில சண்டை வரேக்க சட்டியில சோறு கிடக்கத்தக்கன விட்டிட்டு ஓடினது. அப்ப எனக்குப் பன்ரெண்டு வயசு. இன்னொருக்கா என்னால ஏலாது.”

“இது ஓடுறதில்லை. போறது.”

“ரெண்டுக்கும் ஒரே பைதானே.”

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் நான்தான் விளையாட்டாகச் சொன்னேன், சமதரை நாள் ஒன்றில் வைப்போம் என்று. என் வேகக்காரன் முன்னால் வந்தால் போவது. அவளுடைய ஆள் முன்னால் வந்தால் இருப்பது. அவள் விளையாட்டாக எடுக்கவில்லை. கை நீட்டினாள். குலுக்கினோம்.

எப்போதும் தோற்கும் ஆளில் வைப்பவளோடு அந்தப் பந்தயம் கட்டியதில் எவ்வளவு நேர்மை இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

6

அந்த நாளின் முடிவை நான் இன்னும் பார்க்கவில்லை.

கந்தோரில் என் பக்கத்து மேசை றெக்ஷனுடையது. அவனுக்கு முடிவு தெரியும். ஒரு வருடமாக வாயில் வைத்துக்கொண்டு திரிகிறான். நேற்றும் கேட்டான்.

“அண்ணை, ஒருக்காச் சொல்லட்டே? ஒரே ஒரு பேர்தானே.”

“சொன்னீரெண்டால் உம்மோட கதைக்கிறதை விட்டிடுவன்.”

“ஊரில சனம் கோயிலில பூ வைச்சுப் பாக்கும். நீங்கள் சைக்கிள்காரனை வைச்சுப் பாக்கிறியள். பாக்கிறதெண்டால் பாக்கவும் வேணுமே.”

“உம்மட கோப்பு முடிஞ்சுதோ?”

“கோப்பு முடிஞ்சுது. உங்கட கதைதான் முடியேல்லை.”

இந்த வரியை நான் அவனுக்கு எழுதிக் கொடுத்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அவன் இப்படித்தான்.

7

அன்ரனிட்டாவின் அம்மா, மாமி கத்தரீனா, சனிக்கிழமைகளில் அல்லைப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு பையில் மீன். வெட்டிக் கழுவிக் குசினியில் வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் அவருக்கும் தொலைபேசி எடுத்திருக்கிறார்; அதனால் இந்தமுறை நேற்று முன்தினமே வந்துவிட்டார்.

“தம்பி, நீர் போம். அவளுக்காக இருந்தது போதும்.”

“அவளுக்காக இல்லை மாமி. பந்தயம் இன்னும் தீரேல்லை.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, விதி, கைகுலுக்கல். அவர் சிரிப்பார் அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

“அவள் சின்னனிலயும் அப்பிடித்தான். தாயம் விளையாடேக்க காயைக் கையில பொத்தி வைச்சுக்கொண்டு எங்களைக் காக்க வைப்பாள். தகப்பன் பேசுவார். எண்டாலும் வைக்க மாட்டாள்.” பையை மடித்தார். “அப்ப நீர் இரும். நான் வாற கிழமை ஒட்டிமீன் கொண்டாறன்.”

இவர் என்னை இருக்கச் சொன்னார் என்று அண்ணன் நம்பப் போவதில்லை.

8

முடிவுகள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) இழுவைக்காரன் விலகவில்லை. கோடு தெரிகிறது. பின்னால் அவனுடைய வேகக்காரன் கத்துகிறான். அவன் தலையைக் குனிந்தபடி போய்க்கொண்டே இருக்கிறான். வெல்கிறான். நான் இங்கேயே இருக்கிறேன்.

(ஆ) வேகக்காரன் வெல்கிறான். வெள்ளிக்கிழமை நான் ஒப்பமிடுகிறேன். பரிசின் புறநகர் ஒன்றில், காற்றே இல்லாத ஒரு தெருவில்—

(ஆ)வை முடிக்க முடியவில்லை. மூன்றுமுறை முயன்றேன்.

நீங்களே தேடிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால், முடியாது. எந்த நாடு, எத்தனையாம் நாள், ஓட்டக்காரர்கள் யார் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது மறதி இல்லை. றெக்ஷனுக்குத் தெரிந்தது போதும்.

பயத்தில் பார்க்காமல் இருக்கிறேன் என்று அண்ணன் சொல்வார். இல்லை. பார்த்தால் பயனில்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் பந்தயத்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள்.

9

அந்தச் சமதரை நாளில் போட்டி இரண்டு மணிக்கு. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு முடியும். ஒன்று நாற்பதுக்கு அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பிறகு சைக்கிளில் புறப்பட்டாள். வழியில் இறங்கி, ஸ்ராண்டைப் போட்டு, ஒரு மதிலின் நிழலில் இருந்தாள். கண்டவர்கள் களைப்பாறுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். அங்கேயிருந்து எங்கள் கந்தோர் வாசல் நானூற்றுப் பத்து மீற்றர். நான் அளந்தேன். முந்நூறாக இருந்திருந்தால் கதைக்கு வசதி. மாற்றவில்லை.

அவசரமாக மிதித்ததால் வந்ததா என்று வைத்தியரிடம் கேட்டேன். இல்லை என்றார். இன்னொருமுறை கேட்டேன். இல்லை என்றார்.

யார் வென்றான் என்பதை ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அவள் யாரில் வைத்தாள் என்பதைத் தெரிந்துகொள்ள முடியாது. இழுவைக்காரனை விட்டுவிட்டு நிச்சயம் வெல்லக்கூடிய வேறொருவனைப் பிடித்தாளா? என் வேகக்காரனிலேயே வைத்து, சரி, போவோம் என்று சொல்ல வந்தாளா? எனக்கு எது வேண்டும் என்பதைக் கொண்டு நான் தெரிவு செய்யமாட்டேன். அது அவளுடைய முறை. அவள் இன்னும் வைக்கவில்லை.

ஆகவே அண்ணை, கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள். பந்தயம் திறந்திருக்கிறது. அது தீரும்வரை இந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போவதில்லை. தீராது என்று எனக்குத் தெரியும். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

வாசிப்பவர்களுக்கு: (அ), (ஆ) இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். அவளுடைய கடைசி வார்த்தைகளுக்காக மட்டும் நான்கு அழகான வசனங்கள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் என் பெயர்கூட வந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். ஒன்று நாற்பதுக்கு அவள் சொன்னது இதுதான்:

“இஞ்சாரும், நான் இண்டைக்கு வேற ஆளில வைக்கிறன். ஆரெண்டு இப்ப சொன்னால் செல்லாதெண்டுவீர். நில்லும், கொடி விழமுதல் வந்து சொல்லுறன்.”