தனிச்சட்டி

கட்டிலில் கிடத்தியிருந்த தம்பியின் வலது கையைத் தூக்கி மணந்து பார்த்தாள் இலட்சுமிப்பிள்ளை. நண்டுக்கறி. கழுவியும் போகாத மணம்.

வந்து பார்த்த டொக்டர் மாரடைப்பில் உயிர் போனது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். புளியங்கூடல் ஊர் முழுக்க அதை நம்பியது. அவள் நம்பவில்லை. குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் சிவக்கச் சிவக்கக் குழம்பு. பக்கத்தில், அவள் காலையில் கொடுத்துவிட்ட தனிச்சட்டி. மிளகாய் படாத தேங்காய்ப்பால் சொதி, பாதி குறைந்திருந்தது.

தம்பி கதிர்காமுவுக்கு வயிற்றுப்புண் வந்த காலத்தில், உறைப்பும் யோசனையும்தான் காரணம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். அன்று தொடங்கியது அந்தச் சட்டி. தம்பிக்குக் கலியாணமாகி, மகள் பிறந்து, இடம்பெயர்ந்து திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை.

"மலர், ஆர் இதை அவனுக்குப் போட்டது?"

தம்பி பெண்சாதி தவமலர் அழுது வீங்கிய முகத்தைத் திருப்பினாள். "நான்தான் மச்சாள்."

"அவனுக்கு இது நஞ்செண்டு தெரியாதோ உனக்கு?"

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அவள் மகள் பிரியவதனி குறுக்கே வந்தாள். "மாமி, போன வருசம் அப்பான்ரை வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்த்தவையெல்லோ. அது கிருமி. ரெண்டு கிழமைக் குளிசையோட மாறீட்டுது. உறைப்பெண்டது பழைய கதை."

"பழைய கதையைச் சொன்னதும் டொக்டர்தானே. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கிருமியும் இல்லையெண்டுவான்."

"காட்டினானெண்டா நம்பத்தான் வேணும். இதையும் முதல்ல ஒருத்தரும் நம்பேல்லை. ஒரு டொக்டர் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, வருத்தம் வரப்பண்ணிக் காட்டினவர்."

"குடிச்ச விசரன்ரை கதையைக் கேட்டு என்ரை தம்பிக்கு நண்டு குடுத்திருக்கிறியள். எட்டுச் செலவுக்குச் சொந்தமெல்லாம் வரும். அவைக்கு முன்னால கேக்கிறன்."

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, விறாந்தை நிறையச் சனம். செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் படைக்கிற நாள். படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்திருந்தார்கள். தனிச்சட்டியோடு வந்த இலட்சுமிப்பிள்ளை, முதலில் தவமலரைக் குசினிக்குள் மறித்தாள்.

"உண்மையைச் சொல்லு. எத்தினை நாளாத் திண்டவன்?"

"குளிசை முடிஞ்ச நாளிலயிருந்து. ஒருநாளும் வயிறு நோகேல்லை மச்சாள்."

"அப்ப என்ரை சொதி?"

தவமலர் அடுப்பைப் பார்த்தாள். "அதைக் குடிச்சுப்போட்டுத்தான் மற்றதைத் தொடுவார். அக்காவுக்குச் சொல்லிப்போடாதை, இவ்வளவு காலமும் சமைச்ச மனுசியெண்டவர்."

இலட்சுமிப்பிள்ளை வெளியே வந்தாள். சனம் ஒதுங்கி வழிவிட்டது. இலையில் சொதியை வார்த்தாள். பிறகு தவமலரின் சட்டியை இழுத்து, பெரிய நண்டுக் காலாய்ப் பார்த்தெடுத்து உடைத்து, சதையைக் கோதிச் சோற்றின் நடுவில் வைத்தாள்.

கிணற்றடியில் பிரியவதனி தண்ணீர் ஊற்றக் கைகழுவினாள்.

"அந்தக் கிருமியைக் குடிச்சவன் இருக்கிறானோ?"

"இருக்கிறார் மாமி. சுகமா இருக்கிறாராம்."

இலட்சுமிப்பிள்ளை கையை மூக்கருகே கொண்டுபோனாள். துவைகல்லிலிருந்த சவுக்காரத்தை எடுத்தவள், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.